பட்டியலில் மிஞ்சிய ஒரு வரி

அலுவலகத்திலிருந்து செவிலி மிர்யா போனில் கூப்பிட்டபோது நான் ஏரியின் படகுத்துறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுமுறை தொடங்கிப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்ததால்தான் சொல்கிறேன். பதினோரு வருட வேலையில், என் விடுமுறை ஒருநாளாவது முழுசாக ஓடியதுண்டா என்று கேட்டால் நான் சிரிப்பேன், அவ்வளவுதான்.

"இர்மெலி, கோவிச்சுக்காத," என்றாள்.

மிர்யா எடுத்த எடுப்பில் அப்படிச் சொன்னால் அன்றைய நாளைத் தலைமுழுக வேண்டியதுதான்.

"என்ன செத்துப்போச்சு?"

"உன் கம்ப்யூட்டர்தான்னு நெனைக்கறேன். காலைல பத்து மணியிலேருந்து ஒரு கூப்பாடுகூட வரல. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு ஜூஹன்னுஸ் திருநாள், எல்லா வீட்டுக்கும் பிள்ளைங்க வந்திருக்கும்னு நெனச்சு ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டிட்டோம். அப்புறம் சந்தேகம் வந்து என் கைல இருக்கற சோதனைப் பொத்தானை அமுக்கினேன். திரையில ஒண்ணுமே வரல."

"எப்ப அமுக்கின?"

"இப்பதான். மணி பதினொன்னரை."

"ஒன்னரை மணி நேரமா கேக் தின்னீங்க?"

"தின்னோம். அப்புறமா திட்டு. மொதல்ல சரி பண்ணு."

எங்கள் நிறுவனம் பின்லாந்தில், தாம்பெரே நகரத்தில். தனியாக வாழும் கிழவர் கிழவிகளின் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டிவிடுவோம். விழுந்தால், மூச்சு வாங்கினால், பயமாக இருந்தால் அமுக்க வேண்டும். அது டெலிபோன் வழியாக எங்கள் நிலவறையில் இருக்கும் சர்வருக்கு வந்து, அங்கிருந்து செவிலியர் திரைக்குப் போகும். அந்த ஜூன் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டுகள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அது தூங்கினால் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வெறும் பிளாஸ்டிக்கை அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஒவ்வொரு வீடா போன் பண்ணுங்க," என்றேன்.

"ஆரம்பிச்சாச்சு. அகரவரிசைப்படி. நாங்க ரெண்டே பேர் இர்மெலி, மத்தவங்க எல்லாம் உன்ன மாதிரி ஏரியில கால நனைக்கறாங்க."

நிலவறைச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. என்னிடம், பாய்மரப் படகில் போய்விட்ட முதலாளி ஹென்ரிக்கிடம், இத்தாலியில் தேனிலவில் இருந்த இன்னொருவனிடம். நான் காரில் போனால் மூன்றேகால் மணி நேரம். ஆனால் இருபத்தாறு கிலோமீட்டரில் கிராமத்து நூலகம் இருந்தது, அங்கே பொதுக் கணினி இருந்தது. பையில் என் பட்டியல் இருந்தது. இதற்காகத்தானே அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று எழுந்தேன்.

பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரார் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டுவது சந்தையில் நின்று அதைக் கூவுவதற்குச் சமம். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் கணினி கமுக்கமாக எழுதி வைத்துக்கொள்ளலாம், யாருக்கோ அனுப்பலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் வெளியிலிருந்து நுழைய நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு தாளில் நூறு வரிகள். சர்வர் ஒரு வரியின் எண்ணைக் கேட்கும், அந்த வரியில் இருப்பதைத் தட்டினால் கதவு திறக்கும். ஒருதடவை தட்டிய வரி அதோடு செத்தது, எவன் பார்த்தாலும் பிரயோசனமில்லை. வங்கிக்கும் நாங்கள் எல்லோரும் இப்படியொரு தாள்தான் வைத்திருந்தோம். பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம், தீர்ந்ததும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் போடுவோம்.

பையைத் திறந்தேன். பழைய பட்டியல் இருந்தது, அடித்து அடித்துக் கறுத்துப்போய். கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சம். புதுப் பட்டியல் இருந்த உறையைக் காணோம்.

என் கணவன் வேய்யோ சவுனா வாசலில் பிர்ச் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வேய்யோ, என் பையில ஒரு வங்கி உறை இருந்துச்சே?"

"இருந்துச்சு. நேத்து ராத்திரி அடுப்புப் பத்த வைக்க எடுத்தேன்."

"எடுத்தேன்னா?"

"போட்டுட்டேன். பழைய பட்டியலெல்லாம் அடுப்புக்குத்தானே? நம்ம வீட்டுச் சட்டம்தானே அது?"

"அது வங்கிப் பட்டியல் இல்லய்யா! சர்வரோட புதுப் பட்டியல்!"

"அதுல அப்படி ஒண்ணும் எழுதலயே."

எழுதவில்லைதான். 'எதற்கான பட்டியல் என்று தாளில் எழுதாதே, திருடனுக்கு நீயே வழி காட்டாதே.' அலுவலக விதி, நான் எழுதியது. அதனால்தான் யோக்கியமாக ஒரு பழைய வங்கி உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

"பிரிச்சாவது பாத்திருக்கலாமே? அடிக்காத புதுத் தாள்னு தெரிஞ்சிருக்குமே?"

வேய்யோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவங்க பட்டியலப் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு இருவது வருஷமா நீதானே எனக்குப் பாடம் எடுக்கற? கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன், தெரியுமா?"

இவனை என்ன சொல்வது? சொன்னதைச் செய்த ஒரே மனிதன். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மீன் பொரிக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

நூலகர் ரைலிக்கு அறுபது வயதிருக்கும். கவுண்டரில் நாற்றுத் தொட்டிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு மூடிருவேன்மா. கம்ப்யூட்டர் ஒருத்தருக்கு அரைமணி நேரம். அரைமணி ஆனதும் அதுவே அணைஞ்சுரும்."

"அரைமணி பத்தாது. நடுவுல அணைஞ்சா என்னால திரும்ப உள்ள போக முடியாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நேத்து ஒரு ஜெர்மன்காரர் படகு டிக்கெட்டுக்காக அழுதே விட்டார்."

"ரைலி, இது வயசானவங்க உயிர் சம்பந்தப்பட்டது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஈரக் கால்சட்டை, ஒரு காலில் பச்சைச் செருப்பு, மறு காலில் நீலம். பொய் சொல்ல வருகிறவள் இந்தக் கோலத்தில் வரமாட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப என் அட்டையைப் போட்டுக்குங்க. வேலை பாக்கறவங்களுக்கு நேரக் கணக்கு கிடையாது. நம்பர் சொல்றேன், ரகசிய எண் என் பூனை பொறந்த வருஷம், ஒண்ணு ஒம்போது ஒம்போது ஏழு," என்று அந்தக் கூடமே கேட்கச் சொன்னார். வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

இதுவும் சந்தையில் கூவுவதுதான். ஆனாலும் போட்டேன்.

உட்காரும் முன் குனிந்து கணினியின் முதுகைப் பார்த்தேன். விசைப்பலகைக் கம்பிக்கு நடுவே யாராவது சின்னக் குமிழ் மாதிரி எதையாவது செருகியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் பழக்கம். தூசி மட்டும்தான். ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே. திரையின் தலையில் யார் யாரோ நிறுவிவிட்டுப் போன ஐந்து விளம்பரப் பட்டைகள் மினுக்கின. மூலையில் ஒரு குரங்கு வந்து பரிசு விழுந்திருக்கிறது என்றது. கைபடாத இடமில்லை அதில். சந்தையில் கிடக்கிற பொதுக் கரண்டி.

பன்னிரண்டு இருபதுக்கு எங்கள் சர்வரின் கதவைத் தட்டினேன். சர்வர் கடைசி வரியைக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, விரலால் தாளைத் தொட்டுத் தொட்டுத் தட்டினேன். திறந்தது. பேனாவால் அடித்தேன். தாள் தீர்ந்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சேமிப்பு வட்டு நிரம்பி வழிந்தது. ஏதோ ஒரு நிரல் பைத்தியம் பிடித்து ஒரே புகாரை லட்சக்கணக்கான தடவை எழுதித் தள்ளியிருந்தது. இடமில்லாததால் வந்த கூப்பாடுகள் வெளியே போக முடியாமல் வரிசையில் நின்றன. இருபத்தொன்பது. யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்களைப் பார்க்கவும், அந்தப் புகார்க் குப்பையை அழிக்கவும் நிர்வாகியாக வேண்டும். நிர்வாகியாக இன்னொரு வரி வேண்டும். கேட்டுப் பார்த்தேன். பட்டியல் தீர்ந்துவிட்டது, நிரந்தரக் கடவுச்சொல்லைக் கொடு என்றது.

அந்தக் கடவுச்சொல் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதை நிலவறையில் இருக்கும் விசைப்பலகையைத் தவிர வேறெங்கும் தட்டக்கூடாது. விதி எண் ஒன்று, அதையும் எழுதியவள் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் காலெர்வோ என்று என்னோடு ஒருத்தன் வேலை பார்த்தான். வெளிநாட்டு விமான நிலையத்தில், காசு போட்டால் ஓடும் கணினியில் அதைத் தட்டினான். இரண்டே நாளில் எவனோ உள்ளே வந்துவிட்டான். விசாரணை அறிக்கையை நான் எழுதினேன், அவன் வேலை போய் வீட்டுக்குப் போனான். நல்ல பிள்ளை. அதற்கப்புறம் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

அதனால் முதலில் யோக்கியமான வழியைப் பார்த்தேன். என் சொந்தக் கோப்புகளை அழிக்க எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பதினோரு வருடக் கடிதங்கள், குறிப்புகள், நாங்கள் நாய் வளர்த்தபோது எடுத்த படங்கள், எல்லாவற்றையும் அழித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. நான்கு கூப்பாடுகள் வெளியே ஓடின. அதற்குள் அந்தப் பைத்திய நிரல் மிச்ச இடத்தைத் தின்று தீர்த்துவிட்டது. வரிசையில் இருபத்தைந்து. கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு. பிறகு இருபத்தேழு, இருபத்தெட்டு.

மிர்யாவைக் கூப்பிட்டேன். "எந்த எழுத்துல இருக்கீங்க?"

"ஜே. பாதிப் பேர் எடுக்க மாட்டேங்கறாங்க, தோட்டத்துல இருக்காங்களோ என்னவோ. எடுக்கறவங்க விட மாட்டேங்கறாங்க, பேரன் பேத்தி கதையெல்லாம் சொல்றாங்க. திடீர்னு நாலு வந்துச்சே, நீதானா?"

"நான்தான். யாரு?"

"மூணு ஒரே கிழவி, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்க. இன்னொண்ணு ஒருத்தருக்குச் சர்க்கரை இறங்கிருச்சு, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிட்டேன். மத்தது எப்ப வரும்?"

"வரும்," என்றேன்.

ஹென்ரிக்கை அழைத்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான். காற்றும் யாரோ சிரிப்பதும் கேட்டன. விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கேருந்து பேசற?"

"கிராமத்து லைப்ரரி. திரையில குரங்கு ஆடுது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர். பெரிய கடவுச்சொல்லைப் போடட்டுமா?"

"இர்மெலி, போடுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சரி. போடல."

"போடாதேன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்ப என்னதான்யா சொல்ற?"

"விதி உன்னோடது. நீயே ஒரு நல்ல முடிவு எடு. எடுத்துட்டு எழுத்துல அனுப்பிரு, என்ன?"

வழவழா கொழகொழா. மீன் பிடிக்கிறவனிடம் வழி கேட்டால் தூண்டிலைத்தான் பார்ப்பான். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். முப்பத்தொன்றில் நின்றிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன், ஏறவில்லை. அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, காரை எடுத்துக்கொண்டு நேரே தாம்பெரே போய்விடலாமா, மூன்றேகால் மணி நேரம்தானே, அதற்குள் இவர்கள் அகரவரிசையை முடித்துவிட மாட்டார்களா என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குக் காலெர்வோவின் முகம்தான் தெரிந்தது. அந்த அறிக்கையில் இந்தமுறை என் பெயர் இருக்கும். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்?

ரைலி ஒரு கோப்பை காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "உணவு பானம் கூடாதுன்னு போர்டு மாட்டினதே நான்தான்," என்றார். "குடிங்க. முகம் சுண்ணாம்பா இருக்கு. என்ன, யாருக்காவது போன் பண்ணணுமா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணு தட்டணும்."

"தட்டுங்களேன். அதுக்குத்தானே பட்டன் இருக்கு."

அம்மாடி, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கோபம்கூட வந்தது. காபியை ஒரு வாய் குடித்தேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு, அந்தப் பொதுக் கரண்டியில், எங்கள் வீட்டுப் பெரிய சாவியான அந்தக் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

குப்பையை அழிக்க ஒன்றரை நிமிடம். பைத்திய நிரலை நிறுத்த இன்னும் ஒன்று. முப்பத்தொன்றும் ஆட்டுமந்தை மாதிரி வாசல் தாண்டி ஓடின. வரிசை பூஜ்யம்.

அடுத்த வேலை இன்னும் அவசரம். இப்போது இந்தக் கணினிக்கு என் கடவுச்சொல் தெரியும். இதிலிருந்தே புதுசாக மாற்றினால் புதுசும் அதற்குத் தெரிந்துவிடும். அதனால் வெளியிலிருந்து யாருமே நுழைய முடியாதபடி சர்வரின் வாசலை அடைத்தேன், எனக்கும் சேர்த்து. இனி நிலவறைக்குள் இறங்கினால்தான் உண்டு. கடைசி ஆணையைத் தட்டியதும் கருப்புத் திரை அணைந்தது. குரங்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

காபிக் கோப்பையை நானே கழுவி வைத்தேன். "உங்க பூனை வருஷத்தை இன்னைக்கே மாத்திருங்க ரைலி, கெஞ்சிக் கேக்கறேன்," என்றேன். "செத்துப் போச்சும்மா அது," என்றார் அவர், "வேற எதை வைக்கறது?"

வேய்யோவுக்குப் போன் செய்து தாம்பெரே போகிறேன் என்றேன். நிலவறையில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். "ஜூஹன்னுஸுக்கு வந்துருவியா?" என்றான். "கொக்கோ நெருப்பைக் கொளுத்தறதுக்குள்ள வந்துருவேன்," என்றேன். பாவம், ஏரிக்கரையில் தனியாக நின்று நெருப்பைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது.

நெடுஞ்சாலையில் எதிர்ச்சாரி முழுக்க ஏரிகளுக்குப் போகும் கார்கள். என் சாரியில் நானும் ஒரு பால் வண்டியும். இரண்டரை மணிக்கு மிர்யா கூப்பிட்டாள். காரை ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுக்கினேன்.

"எல்லாத்தையும் பாத்தாச்சு," என்றாள். அவள் குரலில் இருந்த களைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. "பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் மட்டும். ஊனோ ரீஹிலா. எண்பத்தாறு வயசு. குளியலறையில விழுந்துட்டார், இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. நம்ம வண்டி போறப்போ ஈரத் தரையில துண்டைப் போத்திட்டுக் கிடந்தார். உயிரோடதான் இருக்கார், ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. இப்பதான் போன்ல பேசினேன்."

"எப்ப விழுந்தார்?"

"மொத அமுக்கல் பதினொண்ணு இருவது. பன்னெண்டு தடவை அமுக்கியிருக்கார். கடைசி பன்னெண்டு நாப்பத்தொண்ணு."

வரிசையில் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். அதை நிறுத்தியவரும் அவர்தான்.

"நாங்க அப்ப கே எழுத்துலதான் இருந்தோம்," என்றாள். "ஆர் வரைக்கும் வர நாலு மணி ஆகியிருக்கும். கீழ தரை ஓடு குளிர்ந்து கிடக்கு. டாக்டர் சொன்னார், அவ்வளவு நேரம் தாங்கியிருக்க மாட்டார்னு."

"மயக்கமா? அதான் அமுக்கறத நிறுத்திட்டாரா?"

"நானும் அதத்தான் கேட்டேன். மயக்கமெல்லாம் இல்லையாம். தெளிவாத்தான் இருந்தாராம்." மிர்யா மூக்கை உறிஞ்சினாள். "'ஜூஹன்னுஸ் வருது, பாவம் அவங்களும் ஏரிக்குக் கெளம்பியிருப்பாங்க, சும்மா சும்மா எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்'னு சொல்றார். மன்னிச்சுக்கங்கன்னு வேற சொல்றார் இர்மெலி. எங்கிட்ட."

ஜன்னலை இறக்கினேன். பால் வண்டி தாண்டிப் போனது. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு என் காதில் காற்றும் ஹென்ரிக்கின் படகுச் சிரிப்பும் இருந்தன. என் கடவுச்சொல் அப்போதும் எனக்குத் தெரியும். இப்போது தெரிந்ததைவிட ஒரு எழுத்துகூடக் குறைச்சலில்லை.

"என்ன, கேக்குதா? அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"யாரும் ஏரிக்குப் போகலன்னு சொல்லு," என்றேன். "அவர் கூப்பாடு கெடந்த திரை முன்னாலயேதான் உக்காந்திருந்தேன்னு சொல்லு. முப்பத்தெட்டு நிமிஷம்."